காவித் துணியும் வெள்ளி உப்பும்

புகைப்படம் கற்றுத்தர நல்ல இடம் எது என்று கேட்டால், திருவண்ணாமலைச் செங்கம் சாலையில் ரமணாசிரமத்தை ஒட்டிய பகுதியைத்தான் சொல்வேன். ஆசிரமம் மலையின் தென் அடிவாரத்தில் இருக்கிறது. வாசலில் நின்று வடக்கே பார்த்தால் மலை. மார்கழியில் சூரியன் தெற்கே சாய்ந்து போவதால், நாம் பார்க்கும் சரிவு முழுக்க முகத்தில் வெயில் வாங்குகிறது. ஏப்ரல் கடைசி வாரம் முதல் ஆகஸ்ட் மூன்றாம் வாரம் வரை கதை வேறு. ஊர் வட அட்சரேகை 12 பாகையைச் சற்றுத் தாண்டி இருப்பதால், அந்த மாதங்களில் உச்சிவேளைச் சூரியன் நம் தலைக்கும் வடக்கே போய்விடுகிறது. அதே சரிவு, அதே பாறைகள். வெளிச்சம் மட்டும் மலைக்குப் பின்பக்கம் சாய்ந்து மேலிருந்து விழுகிறது. ஒரு மாணவன் ஒரே இடத்தில் நின்றபடி ஒரு வருடம் படம் எடுத்தால் போதும், வெளிச்சத்தின் திசையைப் பற்றித் தனியாகப் பாடம் நடத்த வேண்டியதில்லை.

இந்தப் பகுதியில் கேமராவோடு வரும் இளைஞர்கள் தவறாமல் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "சார், ஃபிலிம்ல ஆரம்பிக்கணுமா, டிஜிட்டலே போதுமா?" இதற்கு ரசனையை வைத்துப் பதில் சொல்பவர்கள் அதிகம். ஃபிலிமில்தான் ஆத்மா இருக்கிறது என்பார் ஒருவர். அதெல்லாம் பழைய காலம் என்பார் இன்னொருவர். லென்சுக்குள் நுழைந்த ஒளி இரண்டு கேமராக்களிலும் என்ன ஆகிறது என்று பார்த்தால் தெளிவான பதில் கிடைக்கும். இரண்டும் வேறு வேறு பாடங்களைச் சொல்லிக்கொடுக்கின்றன, அந்த வேறுபாடு முழுக்க இயற்பியலிலிருந்தும் வேதியியலிலிருந்தும் வருகிறது.

கறுப்பு வெள்ளை ஃபிலிமின் மேல் ஜெலட்டின் பூசியிருக்கிறார்கள். அதற்குள் சில்வர் புரோமைடு படிகங்கள் கோடிக்கணக்கில் பொதிந்திருக்கின்றன. ஒவ்வொன்றின் அளவும் மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கை ஒட்டி இருக்கும். ஒளித்துகள் ஒன்று படிகத்தில் மோதினால் ஓர் எலக்ட்ரான் விடுபடுகிறது. படிகத்தில் ஏதோ ஒரு குறைபாடான இடத்தில் அது சிக்கி நிற்க, அலைந்துகொண்டிருக்கும் வெள்ளி அயனி ஒன்று வந்து சேர்ந்து உலோக வெள்ளியின் ஓர் அணுவாகிறது. இப்படி ஒரே இடத்தில் நான்கைந்து அணுக்கள் சேர்ந்துவிட்டால் அந்தப் படிகம் 'ஒளி பட்டது' என்ற கணக்கில் வந்துவிடும். இதை 1938இல் கர்னி, மாட் என்ற இரு இயற்பியலாளர்கள் விளக்கினார்கள். இந்தக் கட்டத்தில் ஃபிலிமை எந்த நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தாலும் படம் தெரியாது. ஆனால் படம் அங்கே இருக்கிறது.

டெவலப்பரில் உள்ள மெட்டோலும் ஹைட்ரோகுயினோனும் செய்யும் வேலைதான் அதிசயம். நான்கு அணு வெள்ளி உள்ள படிகத்தைத் தேடிப் பிடித்து அந்தப் படிகம் முழுவதையும் வெள்ளியாக மாற்றுகின்றன. சுமார் நூறு கோடி மடங்குப் பெருக்கம். ஒளி படாத படிகங்களை ஹைப்போ கரைத்து எடுத்துவிடும். ஹைப்போ எனும் சோடியம் தயோசல்ஃபேட்டுக்கு இந்தக் குணம் இருப்பதை 1819இலேயே ஜான் ஹெர்ஷல் கண்டறிந்திருந்தார். புகைப்படம் பிறப்பதற்கு இருபது ஆண்டுகளுக்கு முன்பே அதைக் கழுவும் மருந்து தயாராக இருந்தது.

டிஜிட்டல் கேமராவில் வெள்ளிக்குப் பதில் சிலிக்கான். இங்கேயும் ஒளித்துகள் எலக்ட்ரானை விடுவிக்கிறது. ஆனால் வேதிவினை எதுவும் கிடையாது, எண்ணிக்கை மட்டும்தான். மழையில் முற்றத்தில் வரிசையாக வைத்த குடங்களைப் போல ஒவ்வொரு பிக்சலும் எலக்ட்ரான்களைச் சேர்த்துக்கொள்கிறது. நேரம் முடிந்ததும் எந்தக் குடத்தில் எவ்வளவு என்று அளக்கிறார்கள். பெல் ஆய்வகத்தில் பாயிலும் ஸ்மித்தும் 1969இல் இதற்கான சி.சி.டி. என்ற ஒளியுணர் சில்லை உருவாக்கி, 2009இல் நோபல் பரிசு பெற்றார்கள். கோடாக் நிறுவனத்தில் ஸ்டீவன் சாசன் 1975இல் செய்த முதல் டிஜிட்டல் கேமராவில் நூறுக்கு நூறு, ஆக 10,000 பிக்சல்களே இருந்தன. ஒரு படத்தைக் கேசட் டேப்பில் பதிக்க 23 விநாடி பிடித்தது.

குடம் நிரம்பிவிட்டால் அதற்கு மேல் விழும் மழை வீண். டிஜிட்டலின் முதல் பாடம் இதுதான். வெளிச்சம் எல்லை தாண்டிய இடத்தில் வெறும் வெள்ளை மட்டும் இருக்கும். எந்த மென்பொருளாலும் அங்கே இல்லாத விவரத்தைத் திரும்பக் கொண்டுவர முடியாது. ஃபிலிம் நெகட்டிவ் இதற்கு நேர் எதிர். 1890இல் ஹர்ட்டரும் டிரிஃபீல்டும் வரைந்து காட்டிய வளைகோட்டைப் பார்த்தால் புரியும்: வெளிச்சம் கூடக்கூட நெகட்டிவின் கருமை நேராக ஏறி, உச்சியில் மெல்ல வளைந்து தோள் சாய்க்கிறது. சட்டென்று வெட்டுப்படுவதில்லை. ஆனால் கீழ்ப்பக்கம் கண்டிப்பானது. நிழலில் போதிய ஒளி போகாவிட்டால் நான்கு அணு சேராது; சேராவிட்டால் அந்தப் படிகம் ஹைப்போவில் கரைந்து போகும். ஃபிலிமில் படம் எடுப்பவர் நிழலைப் பார்த்து எக்ஸ்போஷர் வைக்க வேண்டும். டிஜிட்டலில் எடுப்பவர் வெளிச்சத்தைப் பார்த்து வைக்க வேண்டும். இந்த ஒரு வித்தியாசம் மனதில் பதிந்தால் பாதிப் படிப்பு முடிந்த மாதிரி.

இன்னொரு கணக்கும் உண்டு. நல்ல கேமரா ஒன்றின் ரா (பதப்படுத்தாத மூல) கோப்பில் 14 பிட், அதாவது 16,384 படிகள் இருக்கும். சிலிக்கான் நேர்கோட்டில் எண்ணுவதால், மிகப் பிரகாசமான ஒரு ஸ்டாப் (ஒளி இரட்டிப்பாகும் ஓர் இடைவெளி) மட்டும் அதில் 8,192 படிகளை எடுத்துக்கொள்கிறது. அடுத்ததற்கு 4,096, அதற்கடுத்து 2,048. அடி நிழலுக்கு வந்து சேர்வது சில பத்துகள். நிழலைப் பின்னால் மென்பொருளில் தூக்கும்போது மணல்மணலாகத் தெரிவதற்கு இதுவும் ஒரு காரணம். அங்கே சேர்ந்த எலக்ட்ரான்களே குறைவு என்பது பெரிய காரணம்.

இப்போது சாலைக்கு வருவோம். ஆசிரமக் கூடங்களில் தியானத்தில் இருப்பவர்கள் முன் கேமராவைத் தூக்குவது சரியல்ல. பாடத்துக்கு வெளியே இருப்பதே போதும். வேப்ப மரத்தடியில் காவி உடுத்திய ஒரு சாது உட்கார்ந்திருக்கிறார். காலை பத்து மணி வெயில் அவர் தோளில் விழுகிறது. முதலில் அவரிடம் அனுமதி கேட்க வேண்டும். அதற்குப் பிறகு, இந்த ஒரு காவித் துணி புகைப்பட வேதியியலின் நூற்றைம்பது ஆண்டு வரலாற்றையும் சொல்லிக்கொடுக்கும்.

டிஜிட்டலில் எடுத்துப் பாருங்கள். முகம் சரியாக இருக்கும். துணி மட்டும் மடிப்பே இல்லாமல் ஒரே சிவப்புப் பூச்சாகத் தெரியும். வெளிச்சப் பரவலைக் காட்டும் வரைபடமான ஹிஸ்டோகிராமைப் பார்த்தால் எதுவும் எல்லை தாண்டியதாகக் காட்டாது. சிலிக்கானுக்கு நிறம் தெரியாது. அதனால் 1976இல் பிரைஸ் பேயர் காப்புரிமை பெற்ற முறைப்படி பிக்சல்களின் மேல் பாதிக்குப் பச்சை, கால் பங்குக்குச் சிவப்பு, கால் பங்குக்கு நீலம் என்று வடிகட்டிகள் வைத்திருக்கிறார்கள். காவியிலிருந்து வரும் ஒளியில் பெரும்பங்கு சிவப்பு. சிவப்புக் குடங்கள் முதலில் நிரம்பி வழிந்துவிடுகின்றன, பச்சையும் நீலமும் இன்னும் பாதியில் நிற்கின்றன. கேமரா காட்டும் பொது ஹிஸ்டோகிராமில் பச்சைக்குத்தான் அதிக எடை என்பதால் ஆபத்து கண்ணில் படுவதில்லை. சிவப்புக்கான தனி ஹிஸ்டோகிராமைத் திறந்து பார்த்து, முக்கால் ஸ்டாப் குறைத்து எடுத்தால் மடிப்புகள் திரும்பி வரும். கோயில் வாசலில் சாமந்தி மாலைக் கூடையை எடுக்கும்போதும் இதே சிக்கல்தான்.

அதே சாதுவைக் கறுப்பு வெள்ளை ஃபிலிமில் எடுத்தால் வேறொரு விசித்திரம். சில்வர் புரோமைடுக்கு இயல்பாகத் தெரிவது நீலமும் ஊதாவும் மட்டுமே. 1873இல் ஹெர்மன் ஃபோகல் படிகங்களின் மேல் சாயம் ஏற்றிப் பச்சையையும் பார்க்க வைத்தார். சிவப்பையும் சேர்த்துப் பார்க்கும் பான்குரோமாட்டிக் தட்டுகள் 1906இல்தான் கடைக்கு வந்தன. எல்லாருக்கும் பரவ இன்னும் பல ஆண்டுகள் ஆயின. அதற்கு முந்தைய தட்டில் காவித் துணி கிட்டத்தட்டக் கறுப்பாகப் பதியும். இன்றைய பான்குரோமாட்டிக் ஃபிலிமில் நடுத்தரச் சாம்பலாக வரும். பின்னால் உள்ள வேப்பிலையும் ஏறக்குறைய அதே சாம்பல். கண்ணுக்கு அவ்வளவு வேறுபட்டிருந்த இரண்டும் படத்தில் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். லென்ஸ் முன்னால் ஓர் ஆரஞ்சு ஃபில்டரைப் போட்டால் துணி வெளுத்து முன்னே வரும், இலை கறுத்துப் பின்னே போகும். நிறம் என்பது பொருளில் மட்டும் இல்லை, பதிவு செய்யும் பரப்பு எதைப் பார்க்கிறது என்பதிலும் இருக்கிறது. இதை எத்தனை முறை வாயால் சொன்னாலும் ஏறாத மாணவனுக்கு, டிஜிட்டல், ஃபிலிம், ஃபில்டர் போட்ட ஃபிலிம் என்ற இந்த மூன்று படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் அந்த நிமிடமே புரிந்துவிடும்.

ஆசிரமத்தின் வரலாறே ஃபிலிமின் இந்தக் குணங்களுக்குச் சாட்சி. 1896இல் திருவண்ணாமலை வந்த ரமண மகரிஷி 1950இல் மறையும்வரை பலருடைய கேமராக்களில் பதிந்திருக்கிறார். இளம் வயதுப் படத்திலிருந்து, சென்னை டாக்டர் டி.என்.கிருஷ்ணசாமி எடுத்த ஏராளமான படங்கள் வழியாக, பெங்களூருப் புகைப்படக்காரர் வெல்லிங் 1946இல் எடுத்த புகழ்பெற்ற உருவப்படம்வரை வரிசையாகப் பாருங்கள். மாநிற மேனி, வெண்தாடி, வெள்ளைக் கோவணம். லைட் மீட்டர் எதைப் பார்த்தாலும் அதை 18 சதவீத ஒளியைத் திருப்பும் நடுச் சாம்பலாகவே எண்ணிக்கொள்ளும். வெள்ளைத் துணியைப் பார்த்து அளந்தால் மேனி இருட்டில் மூழ்கும். மேனியை அளந்து அப்படியே வைத்தால் தாடியின் இழைகள் கரைந்துவிடும். வெல்லிங்கின் படத்தில் தாடியின் ஒவ்வொரு இழையும் தெரிகிறது, கண்களும் தெரிகின்றன. அந்தத் தோள் சாய்ந்த வளைகோட்டை ஒரு ஸ்டுடியோக்காரர் கைப்பழக்கமாகவே அறிந்திருந்தார் என்று அந்தப் படத்தைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குத் தோன்றும்.

மகரிஷியின் கடைசி நாட்களில் பிரெஞ்சுப் புகைப்படக் கலைஞர் ஹென்றி கார்ட்டியே-பிரெசோன் இங்கே இருந்தார். 1950 ஏப்ரல் 14 இரவு, வானத்தில் ஓர் எரிகல் மெல்ல நகர்ந்து மலைக்குப் பின்னால் மறைவதைப் பார்த்து, கைக்கடிகாரத்தில் மணி 8:47 என்று குறித்துக்கொண்டார். மகரிஷி உயிர் நீத்த நேரம் அது. உலகம் சுற்றிய அந்த ஆண்டுகளில் அவருடைய வழக்கம், எடுத்த ஃபிலிமைக் கழுவாமலே மேக்னம் புகைப்பட நிறுவன அலுவலகத்துக்கு அனுப்பிவிடுவது. தான் எடுத்தது எப்படி வந்திருக்கிறது என்று பார்க்கப் பல நாட்கள், சில சமயம் மாதங்கள் ஆகும். எடுக்கும் கணத்திலேயே படம் மனதுக்குள் முழுதாக உருவாகியிருக்க வேண்டிய கட்டாயம் அவருக்கு இருந்தது.

அந்தக் கட்டாயத்தைத்தான் மாணவனிடம் கொண்டுவர வேண்டும் என்கிறேன். கேமரா எது என்பது அதற்கு அடுத்த கேள்வி.

கற்றல் பற்றிய ஆய்வுகளும் இந்தப் பக்கமே சாய்கின்றன. 1984இல் சால்மோனி, ஷ்மிட், வால்ட்டர் மூவரும் உடல்திறன் பயிற்சிகள் பற்றிய ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தார்கள். ஒவ்வொரு முயற்சி முடிந்ததும் 'சரி, தவறு' என்று உடனே சொல்லிக்கொண்டே இருந்தால் பயிற்சி நேரத்தில் திறமை வேகமாக ஏறுகிறது. சொல்வதை நிறுத்தியதும் அது தங்குவதில்லை. சொல்பவரையே ஊன்றுகோலாகப் பிடித்துக்கொள்கிறார்கள். கேமராவின் பின்திரை அப்படிப்பட்ட ஊன்றுகோல். எடுத்தவுடன் குனிந்து பார்த்து, இருட்டாக இருந்தால் சக்கரத்தை ஒரு சுற்றுச் சுற்றி, மறுபடி எடுத்து, கடைசியில் நல்ல படம் வந்துவிடும். ஏன் வந்தது என்று மட்டும் தெரியாது. அமெரிக்காவில் லிண்டா ஹெங்கல் 2014இல் வெளியிட்ட ஆய்வில், அருங்காட்சியகப் பொருட்களைப் படம் எடுத்தவர்கள் வெறுமனே பார்த்தவர்களைவிடக் குறைவாகவே நினைவில் வைத்திருந்தார்கள். ஆனால் ஏதாவது ஒரு பகுதியை நெருங்கி எடுக்கச் சொன்னபோது அந்த இழப்பு ஏற்படவில்லை. கவனம் எங்கே வைக்கிறோம் என்பதே விஷயம்.

ஆகவே என் வரிசை இது. முதலில் டிஜிட்டல், பழைய செகண்ட் ஹேண்ட் கேமராவே போதும். பின்திரையின் மேல் கறுப்பு டேப் ஒட்டிவிடுங்கள். மாணவன் கையில் ஒரு நோட்டு. வெயிலில் ஐ.எஸ்.ஓ. 100, அபர்ச்சர் எஃப் 16, ஷட்டர் நூற்றில் ஒரு விநாடி என்ற பழைய விதியிலிருந்து தொடங்கி, மர நிழலுக்கு எத்தனை ஸ்டாப், திண்ணைக்கு எத்தனை என்று அவனே ஊகித்து எழுதட்டும். எந்த இடம் வெளுக்கும், எது கறுக்கும் என்றும் எழுதட்டும். மாலையில் டேப்பை உரித்து நோட்டோடு ஒத்துப் பார்க்கலாம். ஒவ்வொரு படத்திலும் அபர்ச்சரும் ஷட்டரும் தானாகவே பதிந்திருக்கும். ஃபிலிமில் இந்த வசதி கிடையாது. டிஜிட்டலில் பணமும் செலவாகாது. இன்று ஒரு ஃபிலிம் ரோல் பல நூறு ரூபாய், கழுவ, ஸ்கேன் செய்யத் தனிச் செலவு. ஏழைப் பிள்ளைகளுக்கு இந்தக் கலையைக் கொண்டுபோகும் எம்.பழனி குமார் போன்றவர்கள் டிஜிட்டல் கேமராக்களோடு செய்யும் வேலையை 36 படங்களுக்கு ஒரு ரோல் என்ற கணக்கில் செய்யவே முடியாது.

டிஜிட்டலுக்கு இன்னொரு பெரிய நியாயம் இருக்கிறது. வேப்ப மரத்தடிச் சாது, "எங்கே, காட்டு தம்பி" என்று கேட்டால் காட்ட முடியும். எடுக்கப்பட்டவர் தன் படத்தை அந்த இடத்திலேயே பார்த்து, வேண்டாம் என்றால் அழிக்கச் சொல்லும் உரிமை இதற்கு முன் பெரும்பாலானவர்களுக்கு இருந்ததில்லை. அந்த நேரத்தில் மட்டும் டேப்பை உரிக்கலாம்.

செல்போனைத் தொடக்கப் பாடத்துக்கு நான் ஒப்புக்கொள்வதில்லை. அது ஒரு தடவை அழுத்தினால் பல படங்களை எடுத்து, நிழலை ஒன்றிலிருந்தும் வெளிச்சத்தை இன்னொன்றிலிருந்தும் சேர்த்துத் தைத்துக் கொடுக்கிறது. அழகாக இருக்கும். ஆனால் மாணவன் எடுக்க வேண்டிய முடிவை அதுவே எடுத்துவிடுவதால், தவறு எங்கே நடந்தது என்று தேட அவனுக்கு இடமே இல்லை.

இதெல்லாம் கைவந்த பிறகு ஒரே ஒரு ஃபிலிம் ரோல். ஒன்று போதும், ஆனால் கடைசிவரை அவன் கையாலேயே நடக்க வேண்டும். எடுத்துவிட்டு லேபுக்கு அனுப்பி ஸ்கேன் வாங்குவது பாதிப் பாடம்கூட இல்லை. இருட்டுப் பைக்குள் கைகளை நுழைத்து, பார்க்காமலே ஃபிலிமைச் சுருளில் ஏற்ற வேண்டும். ஃபிலிம் சற்றுக் கோணலாக ஏறினாலும் ஒரு சுற்று இன்னொன்றோடு ஒட்டிக்கொள்ளும். ஒட்டிய இடத்தில் மருந்து போகாது. விரல் நுனியால் ஓரத் துளைகளைத் தடவித் தெரிந்துகொள்ள வேண்டிய வேலை இது. கோடையில் பைக்குள்ளே வியர்வை கசிந்து ஜெலட்டின் பிசுபிசுக்கும், அதனால் விடிகாலையில் செய்வது நல்லது.

டெவலப்பர் அளவுகள் எல்லாம் 20 டிகிரி செல்சியஸை வைத்து எழுதப்பட்டவை. மே மாதத் திருவண்ணாமலையில் குழாயைத் திறந்தால் தண்ணீர் 30க்கு மேல். வினை வேகமாக ஓடும். எட்டு நிமிடத்தில் நடக்க வேண்டியது நான்குக்கும் கீழே இறங்கும், படம் திட்டுத் திட்டாக வரும். பிளாஸ்டிக் தொட்டியில் ஐஸ் கட்டி போட்டு டேங்கை உட்காரவைத்து, வெப்பமானியைப் பார்த்தபடி காத்திருக்க வேண்டும். ஹைப்போவும் கழுவும் தண்ணீரும் அதே சூட்டில் இல்லாவிட்டால் ஜெலட்டின் சுருங்கி வலைப்பின்னலாகிவிடும். போர் தண்ணீரின் உப்பு காய்ந்து வெள்ளைப் புள்ளி வைக்காமல் இருக்க, கடைசி அலசலுக்குக் காய்ச்சி வடித்த தண்ணீர். இந்த ஃபிலிமை ஒரு காலத்தில் நம் மாநிலத்திலேயே செய்தார்கள்: நீலகிரியில் ஊட்டிக் குளிரில் 1960இல் இந்துஸ்தான் ஃபோட்டோ ஃபிலிம்ஸ் தொடங்கப்பட்டு, 1967 முதல் 'இந்து' என்ற பெயரில் ஃபிலிம் வந்தது. ஒரு தலைமுறை ஸ்டுடியோக்களும் எக்ஸ்ரே அறைகளும் அதை நம்பி நடந்தன. அந்த ஆலை மூடப்பட்டுப் போனது தமிழ்நாட்டின் இழப்பு என்றே நினைக்கிறேன்.

ஃபிலிமும் டிஜிட்டலும் ஒன்றையொன்று மிகத் துல்லியமாக விளக்குவது பௌர்ணமி இரவில். கிரிவலப் பாதையின் விளக்குகளைத் தாண்டி வயல் பக்கம் போய், நிலா வெளிச்சத்தில் 2,668 அடி மலையை எடுக்கச் சொல்லுங்கள். முழு நிலவின் ஒளி வெயிலைவிடச் சுமார் நான்கு லட்சம் மடங்கு குறைவு. வெயிலுக்கான விதியை அந்த மடங்கால் பெருக்கினால், ஐ.எஸ்.ஓ. 400இல் எஃப் 2.8க்கு 30 விநாடி என்று விடை வரும். டிஜிட்டலில் 30 விநாடி வைத்தால் மலை அப்படியே பதியும். கோடாக்கின் டிரை-எக்ஸ் ஃபிலிமில் அதே 30 விநாடி வைத்தால் நெகட்டிவ் மிக மெலிதாக வரும். கோடாக் தந்த பட்டியலில் 10 விநாடி என்று கணக்கு வந்தால் 50 விநாடி, 100 என்று வந்தால் 1,200 விநாடி கொடுக்கச் சொல்கிறார்கள். அந்த விகிதப்படி நம் 30 விநாடிக்குக் கிட்டத்தட்ட நான்கு நிமிடம் வேண்டும்.

காரணம் அந்த நான்கு அணுக்கள். மங்கிய ஒளியில் துகள்கள் இடைவெளி விட்டு வருகின்றன. முதல் வெள்ளி அணு உருவாகித் தனியாக நிற்கும்போது, துணைக்கு இரண்டாவது சீக்கிரம் வராவிட்டால் அது சிதைந்து பழையபடி அயனியாகிவிடுகிறது. சிலிக்கானில் சேர்ந்த எலக்ட்ரான் அப்படிப் போய்விடுவதில்லை. ஆனால் சிலிக்கானுக்கும் ஒரு பலவீனம்: வெப்பத்தாலேயே எலக்ட்ரான்கள் விடுபட்டுக் குடத்தில் விழுகின்றன. ஆறேழு டிகிரி ஏறினால் இந்தப் பொய் எலக்ட்ரான்கள் இரட்டிப்பாகும். சித்ரா பௌர்ணமிப் புழுக்கத்தில் நீண்ட நேரம் திறந்து எடுத்த படத்தில் வானமெங்கும் வண்ணப் புள்ளிகள் தெரிவது அதனால்தான். லென்சை மூடிவிட்டு அதே 30 விநாடிக்கு ஓர் இருட்டுப் படம் எடுத்துக் கழித்தால் பெரும்பாலும் போய்விடும்.

இந்த ஊரில் இரண்டையும் சேர்த்துப் புழங்கிய முன்மாதிரி ஏற்கெனவே இருக்கிறது. மட்டாஞ்சேரியிலிருந்து வந்து இங்கே தங்கிய புகைப்படக் கலைஞர் அபுல் கலாம் ஆசாத் முன்னின்று நடத்திய 'புராஜெக்ட் 365' 2014-15இல் ஒரு முழு ஆண்டு திருவண்ணாமலையைப் பதிவு செய்தது. அது ஆவணக் காப்பகமாக எண்ணிச் செய்யப்பட்டது என்பதை மாணவர்களுக்குச் சொல்ல வேண்டும். கழுவிய நெகட்டிவ் ஈரமும் பூஞ்சையும் இல்லாமல் சிலிக்கா ஜெல்லோடு இருந்தால் பல பத்தாண்டு கிடக்கும், வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தாலே படிக்கலாம். டிஜிட்டல் கோப்பைச் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை புதிய வட்டுக்கு நகல் எடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். பழைய ஆசிரமப் படங்கள் பலவற்றுக்கு ஆண்டைத் தோராயமாகத்தான் சொல்ல முடிகிறது. ஆகவே நோட்டில் அபர்ச்சரையும் ஷட்டரையும் எழுதும் அதே வரியில் தேதி, இடம், படத்தில் இருப்பவர் அனுமதி கொடுத்தாரா என்பது, இந்த மூன்றையும் முதல் நாளிலிருந்தே எழுதச் சொல்கிறேன்.